பழைய சிவிக் எஃப்டி1-க்கு எந்த அப்சார்பர் சரியாகப் பொருந்தும்? கோயிலோவர் தேவையா?

ஈசூன்_எஃப்டி

வணக்கம். என் வண்டி சிங்கப்பூரில் 2008-ல் பதிவான ஹோண்டா சிவிக் 1.8, சேசிஸ் குறியீடு எஃப்டி1, ஆட்டோ கியர். 2018-ல் சிஓஇயை (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) பத்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டதால் 2028 வரை ஓட்டப்போகிறேன். மீட்டர் 231,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. எஞ்சின், கியர் இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, தொல்லை எல்லாம் அடியில்தான். எங்கள் வீவக (அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்கின் பலமாடி கார் நிறுத்துமிடத்தில் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு மேட்டிலும் முன்னால் இடப்பக்கம் "டொக்" என்று அடிக்கிறது. பிஐஇ விரைவுச்சாலையில் மேம்பால இணைப்பைத் தாண்டினால் பின்பக்கம் இரண்டு மூன்று தடவை ஆடித்தான் நிற்கிறது. மாதம் ஒருமுறை அம்மாவை அழைத்துக்கொண்டு மலேசியாவின் குளுவாங்குக்குப் போய்வருவேன். அம்மாவுக்கு இடுப்புவலி, போன தடவை சிம்பாங் ரெங்கம் வருவதற்குள் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்கு இதே நினைப்பாக இருக்கிறது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வண்டியைத் தூக்கிப் பார்க்கவே இல்லை, கேட்டதும் "கோயிலோவர் போட்டுவிடு, நாலுக்கும் கூலியோடு 1,600 வெள்ளி" என்றார்கள். கோயிலோவர் என்றால் உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-அப்சார்பர் செட். இணையத்தில் தேடினால் "சிவிக் 2006–2011 எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று பாதி விலைக்கு ஏகப்பட்ட அப்சார்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்) கிடக்கிறது. எனக்கு வண்டியைத் தாழ்த்த ஆசை கிடையாது, அம்மா வலியில்லாமல் உட்கார்ந்து வந்தால் போதும். ஹோண்டா ஒரிஜினல் வாங்குவதா, கேஒய்பி, டெய்ன் மாதிரி வேறு நிறுவனத்து அப்சார்பரா? அப்சார்பரோடு வேறு என்னென்ன மாற்ற வேண்டும்? பழைய எஃப்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

சக்கரம்72

தம்பி, இன்னும் எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனி கோளாறு, ஒரே பொருளை வாங்கி இரண்டும் போய்விடும் என்று நினைத்தால் காசு வீணாகும்.

பின்னால் இரண்டு மூன்று முறை ஆடி அடங்குவது அப்சார்பர் செத்ததற்கு அடையாளம், அதில் சந்தேகமில்லை. முன்னால் கேட்கும் "டொக்" வேறு கதை. அப்சார்பர் தேய்ந்தால் பொதுவாக ஆட்டம்தான் வரும், சின்ன மேட்டில் மெதுவாக ஏறும்போதே ஒற்றையாக ஒரு சத்தம் வந்தால் நான் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க்கைத்தான் (வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைப்பது) பார்ப்பேன், அப்புறம் ஸ்ட்ரட்டின் (அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) தலையில் உள்ள டாப் மவுண்ட், அப்புறம் சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டு. லிங்க் ஒன்று ஐம்பது அறுபது வெள்ளி சமாசாரம். இதைப் பார்க்காமல் கோயிலோவர் மாட்டினால் அதே லிங்க்கைத் திருப்பி அதிலேயே கோத்துவிடுவார்கள், சத்தமும் கூடவே வரும். ஸ்டியரிங்கை நிறுத்திய இடத்திலேயே இப்படியும் அப்படியும் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தால் அது டாப் மவுண்ட் பேரிங். சரி, இதெல்லாம் வண்டியைத் தூக்கி, கம்பியால் நெம்பிப் பார்த்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். தூக்கிப் பார்க்காமல் விலை சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

பொருத்தம் பற்றி. வருடத்தை வைத்துத் தேடுவதை விட்டுவிடுங்கள், சேசிஸ் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். எல்டிஏவின் (நிலப் போக்குவரத்து ஆணையம்) ஒன்மோட்டோரிங் தளத்தில் உங்கள் வண்டியின் பதிவு விவரத்தில் சேசிஸ் எண் இருக்கும், அதன் முதல் சில எழுத்துகளுக்குள்ளேயே எஃப்டி1 என்று வரும். அந்த எண்ணைக் கொடுத்தால் ஹோண்டா பார்ட்ஸ் கவுண்டரில் உங்கள் வண்டிக்கே உரிய பார்ட் நம்பரைச் சொல்வார்கள். கேஒய்பியின் அட்டவணையில் அந்த ஹோண்டா நம்பரைப் போட்டால் அதற்கு ஈடான கேஒய்பி நம்பர் வரும். கடைக்காரர் தரும் பெட்டியில் உள்ள நம்பரும், அப்சார்பர் உடம்பில் அடித்திருக்கும் நம்பரும் இதோடு ஒத்துப்போக வேண்டும். போலி நிறைய ஓடுகிறது, பெட்டி மட்டும் அசலாக இருந்தால் போதாது.

உட்லண்ட்ஸ்_மீனா

அண்ணன் சொல்லும் இந்த "2006–2011" விஷயத்தில் நான் ஏமாந்தேன், அதனால் விவரமாக எழுதுகிறேன். அதே காலத்தில் சிவிக் என்ற பெயரில் வெவ்வேறு வண்டிகள் வந்தன. நம் ஊரில் ஓடுவது பெரும்பாலும் நாலு கதவு செடான், எஃப்டி. ஐரோப்பாவுக்காகச் செய்த ஹேட்ச்பேக் எஃப்என், எஃப்கே. முன்னால் இரண்டிலும் ஸ்ட்ரட்தான். ஆனால் செடானின் பின்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனியாக அசையும் மல்டி லிங்க், ஹேட்ச்பேக்கின் பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் டார்ஷன் பீம். அடிப்படையே வேறு. பின் அப்சார்பரின் நீளம், கீழே போல்ட் போகும் இடம் எதுவும் ஒத்துவராது. நான் இணையத்தில் ஒரு ஜோடி வாங்கினேன், தலைப்பில் சிவிக் என்றுதான் இருந்தது, படமும் நம் வண்டி மாதிரியே இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் பழையதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வண்டி அன்று முழுவதும் தூக்கியிலேயே நின்றது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஆள் தேட வேண்டியதாயிற்று.

விற்பவரிடம் "சிவிக்குக்குப் பொருந்துமா" என்று கேட்காதீர்கள், பொருந்தும் என்றுதான் பதில் வரும். "எஃப்டி1 செடான், பின்பக்கம், இந்த ஹோண்டா நம்பருக்கு மாற்றா?" என்று எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். முன்பக்க ஸ்ட்ரட் இடது வலது வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம், ஒரே நம்பரில் இரண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் கணக்கில் சேருங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்குள் உள்ள பொருளுக்கும் அது உண்டு.

ஜோகூரில் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அங்கே எஃப்டி நிறைய ஓடியதால் பார்ட்ஸ் தாராளமாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அங்கே 2.0 எஃப்டி2-வும் ஓடுகிறது, ஆகவே நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பழைய வண்டிகளை வெட்டி விற்கும் ஹாஃப்-கட் கடையில் பழைய அப்சார்பர் மட்டும் வேண்டாம். கதவு, விளக்கு வாங்குங்கள், எண்ணெயும் ரப்பர் சீலும் உள்ள பொருளைப் பழையதாக வாங்கி என்ன பயன்.

பொங்கோல்_கதிர்

நான் எஃப்டியில் பிசி ரேசிங் கோயிலோவர் போட்டு மூன்று வருடம் ஓட்டுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. முப்பது நிலை டேம்பிங் (ஆட்டத்தை அடக்கும் கடினம்), உயரத்தை மாற்றினாலும் அப்சார்பரின் அசைவு தூரம் குறையாது. வளைவில் வண்டி அப்படியே தரையைப் பிடிக்கும். ஆனாலும் உங்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஒரிஜினலைவிட ஸ்பிரிங் கடினம், தலையில் ரப்பர் மவுண்டுக்குப் பதில் பில்லோபால் என்ற உலோக மூட்டு இருந்தால் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் சீட்டுக்கு வரும். டேம்பிங்கை எவ்வளவு தளர்த்தினாலும் ஸ்பிரிங் அதேதான், அது மெத்தென்று ஆகாது. என் அப்பா ஒருமுறை மலாக்கா வரை வந்தார், திரும்பி பஸ்ஸில் போகிறேன் என்றார்.

ஒரிஜினல் அப்சார்பரை வைத்துக்கொண்டு தாழ்த்தும் ஸ்பிரிங் மட்டும் போடலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். ஸ்பிரிங் குட்டையானால் அப்சார்பர் எப்போதும் பாதி அமுங்கிய நிலையிலேயே வேலை செய்யும், நிறுத்துமிட மேட்டில் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரில் போய் இடிக்கும். உயரம், ஸ்பிரிங் எதை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் எல்டிஏவின் வாகன மாற்ற விதிகளைப் படியுங்கள், காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். ஒரிஜினல் மாதிரியே ஒன்றைத் திரும்பப் போடுவதில் இந்தக் கவலை கிடையாது.

உங்களுக்கு கேஒய்பி எக்ஸெல்-ஜி போதும். கொஞ்சம் பணம் கூடுதலாக இருந்தால் டெய்ன் எண்டூராப்ரோ பாருங்கள், அது ஒரிஜினல் ஸ்பிரிங்கோடே மாட்டுவது. உள்ளே பம்ப் ஸ்டாப்பை எண்ணெயால் செய்திருக்கிறார்கள், அடிவாங்கும்போது ரப்பரில் இடிக்கும் அதிர்ச்சி இருக்காது. அதன் ப்ளஸ் ரகத்தை வாங்கினால் பதினாறு நிலை டேம்பிங் மாற்றலாம். டெய்ன் தளத்தில் சேசிஸ் குறியீட்டைப் போட்டுத் தேடி உங்கள் வண்டிக்கு உண்டா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஈசூன்_எஃப்டி

அனைவருக்கும் ரொம்ப நன்றி. வேறொரு ஒர்க்‌ஷாப்பில், காக்கி புக்கிட்டில், தூக்கிப் பார்க்கச் சொன்னேன். நெம்பிக் காட்டினார்கள், நானே கண்ணால் பார்த்தேன். முன் இடப்பக்க ஸ்டெபிலைசர் லிங்க் கையாலேயே ஆடுகிறது. இரண்டு லோயர் ஆர்மிலும் பின் புஷ் கிழிந்திருக்கிறது. பின் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் வழிந்து தூசியோடு சேர்ந்து அடையாக ஒட்டியிருக்கிறது. முன் அப்சார்பரில் லேசான ஈரம் மட்டும். முன்னதை விட்டுவிட்டுப் பின்னால் மட்டும் மாற்றலாமா? பின் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய்ந்திருப்பதையும் காட்டினார்கள், அதுவும் அப்சார்பரால்தானா?

சக்கரம்72

லேசான ஈரம் இயல்பு, சீலைத் தாண்டி மெல்லிய படலம் வரத்தான் செய்யும். வழிந்தால்தான் கசிவு. ஆனால் 231,000 கிலோமீட்டர் ஓடிய முன் ஸ்ட்ரட்டை, லோயர் ஆர்ம் மாற்ற எல்லாவற்றையும் கழற்றும் இந்த நேரத்தில் விட்டுவைத்து, ஆறு மாதம் கழித்து அதே கூலியை இன்னொரு தடவை கொடுப்பதா? பட்ஜெட் இருந்தால் நாலையும் மாற்றுங்கள். இல்லையென்றால் பின் ஜோடியும் முன் லிங்க், ஆர்மும் இப்போது. பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் சோதனை இருக்கிறது, வழிகிற அப்சார்பரோடும் ஆடுகிற மூட்டோடும் அங்கே போய் நிற்க வேண்டாம்.

முன்னால் ஸ்ட்ரட்டைத் திறந்தால் டாப் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாம் புதிது போடுங்கள். பதினாறு வருடத்துக்கு மேலான பம்ப் ஸ்டாப் கையில் எடுத்தாலே பொடியாக உதிரும். ஸ்பிரிங் உடையாமல், துரு அரிக்காமல் இருந்தால் அதையே வைக்கலாம். லிங்க், பால் ஜாயிண்டுக்கு ஜப்பானின் 555 பிராண்ட் அல்லது கொரியாவின் சிடிஆர் நல்லது. ஹார்ட்ரேஸ் மாதிரி கடின ரப்பர் ஆர்ம் உங்களுக்கு வேண்டாம், கதிருக்குப் பிடிக்கும்.

இதை மெக்கானிக்கிடம் கட்டாயம் சொல்லுங்கள்: ரப்பர் புஷ் உள்ள ஆர்மின் போல்ட்டை வண்டி தூக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், ஒரு வருடத்தில் கிழியும். பார்ட்ஸ் மட்டம் என்று பழி அதன் மேல் விழும். லேசாக மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் ஏறிய பிறகு சொன்ன டார்க்குக்கு (இறுக்க அளவுக்கு) இறுக்க வேண்டும். நல்ல மெக்கானிக் தானே செய்வார், ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

பின் டயர் உள்பக்கம் தேய்வது இந்த வண்டிக்கு நன்கு தெரிந்த நோய். அமெரிக்காவில் 2006, 2007 சிவிக்குகளுக்கு ஹோண்டாவே சர்வீஸ் அறிவிப்பு விட்டுப் பின் அப்பர் ஆர்மை மாற்றிக் கொடுத்தது. செத்த அப்சார்பரும் டயரைத் தின்னும், ஆனால் அது திட்டுத்திட்டாகத் தேய்க்கும். சீராக உள்விளிம்பு மட்டும் போனால் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும்தான் (சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம்). ஒரிஜினல் அமைப்பில் பின்னால் டோவை மட்டும் திருத்தலாம், கேம்பரைத் திருத்த இடமில்லை. ஆகவே அப்சார்பர் மாட்டியதும் நாலு சக்கர அலைன்மென்ட் எடுத்து, திருத்துவதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுத்தாளை வாங்கிக்கொள்ளுங்கள். பின் கேம்பர் அளவுக்கு மீறி இருந்தால்தான் திருத்தக்கூடிய அப்பர் ஆர்ம் வாங்க வேண்டும்.

ஈசூன்_எஃப்டி

நாலையும் மாற்றிவிட்டேன். கேஒய்பி எக்ஸெல்-ஜி, முன் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், இரண்டு லோயர் ஆர்ம், நாலு ஸ்டெபிலைசர் லிங்க், அலைன்மென்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,380 வெள்ளி. நம்பர் எல்லாவற்றையும் ஹோண்டா நம்பரோடு ஒத்துப்பார்த்துத்தான் பெட்டியைப் பிரிக்கவிட்டேன். போல்ட் பற்றிக் கேட்டதும் அந்த மெக்கானிக், சக்கரம் இறங்கிய நிலையில் இறுக்கும் நாலு தூண் தூக்கியைக் காட்டினார். பின் கேம்பர் அளவுக்குள்தான் இருந்தது, டோ தான் விலகியிருந்தது, திருத்திவிட்டார்கள். "டொக்" போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு குளுவாங் போனேன், எங்கேயும் நிறுத்தவில்லை.

உட்லண்ட்ஸ்_மீனா

கேட்கவே சந்தோஷம். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை போல்ட்டுகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பழைய பின் டயரையும் முன்னால் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், உள்பக்கம் தேய்ந்ததை மழையில் நம்ப முடியாது.