வீட்டுப் பாலுக்கு வெள்ளாடு: எந்த ஆடு, எத்தனை?

மேட்டுத்தோட்டம்:
பெருந்துறைப் பக்கம் அஞ்சு சென்ட் இடம் இருக்குதுங்க. பெரியவங்க நாலு பேர், எட்டு மாசக் குழந்தை ஒண்ணு. தினம் ஒரு லிட்டர் பால் வேணும். கொடி ஆடு சல்லிசா கிடைக்குது, ஜமுனாபாரிதான் கறக்கும்னு சந்தையில சொல்றாங்க. எதை வாங்கலாம்?

வேலிமசால்:
கொடி ஆடு கறிக்கானதுங்க. குட்டி குடிச்சது போக மிச்சம் பெருசா இருக்காது. ஜமுனாபாரின்னு இங்க விக்கிறதுல பாதிக்கு மேல கலப்பு. காது நீளமா தொங்கினா மட்டும் ஜமுனாபாரி ஆயிடாது. நம்ம பக்கத்துக்குத் தலைச்சேரி சரியா வரும். ஆனா இனத்தை விட மடியைப் பாருங்க.

ரெண்டாம் ஈத்து, முன்னால நாலு பெரிய பல் முளைச்ச ஆடா எடுங்க. மடி பெருசா தெரியணும்னு ராத்திரி கறக்காம விட்டுச் சந்தைக்கு ஓட்டி வருவாங்க. அதனால சாயங்காலமே போய் முழுசா ஒட்டக் கறக்கச் சொல்லிட்டு, காலையில உங்க கண் முன்னால மறுபடி கறந்து அளங்க. கறந்த பிறகு மடி காலிப் பை மாதிரி சுருங்கணும். சுருங்கலைன்னா அது சதை மடி. கட்டி, திரிதிரியான பால், ரெண்டுக்கு மேல காம்பு இருந்தா விட்டுடுங்க.

ரெண்டு ஆடு வேணும். ஒத்தை ஆடு கத்திக்கிட்டே இருக்கும். சினைக்காலம் 150 நாள், கடைசி ரெண்டு மாசம் பாலை வத்த விடணும். ரெண்டையும் நாலஞ்சு மாச இடைவெளியில சினைக்கு விட்டா வீட்டுல பால் அறவே நிக்காது. கிடா வளர்க்க வேண்டாம், பக்கத்துல கட்டினாலே பால் வீசும்.

பரண்கொட்டில்:
கணக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரு லிட்டர் கறக்கிற ஆட்டுல ரெட்டைக் குட்டி குடிச்சா உங்களுக்கு அரை லிட்டர்தான். முதல் மூணு வாரம் குட்டிக்கே விடுங்க. அப்புறம் ராத்திரி குட்டியைத் தனியா அடைச்சு, காலையில கறந்துட்டு, பகல் முழுக்கத் தாயோட விடுங்க. கட்டைவிரலை மடக்கிக் காம்பை இழுத்துக் கறந்தா உள்ளே புண்ணாகி மடிநோய் வரும். முழுக் கையால அமுக்கிக் கறக்கணும். முதல் ரெண்டு பீச்சைத் தனிக் கிண்ணத்துல பார்த்துட்டுக் கொட்டிடுங்க.

மேட்டுத்தோட்டம்:
அகத்தியும் சவுண்டலும் வேலியில இருக்குதுங்க. மிச்சச் சோறு போடலாமா?

பரண்கொட்டில்:
சோறு வேண்டவே வேண்டாம். சோறு, அரிசி, கம்பு எதையும் ஒரேயடியா தின்னா வயித்துல அமிலம் ஏறி, ஒரே நாள்ல ஆடு படுத்துடும். பொங்கலுக்கு மறுநாள் ஆடு சாகிறது இதனாலதான். ஒரு ஆட்டுக்குப் பசுந்தழை நாலு கிலோ, அதுல சவுண்டல் மூணுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது, முடி கொட்டும். கறவைக்குப் புண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீவனம் கால் கிலோவுல ஆரம்பிச்சுப் பத்து நாள்ல மெல்லக் கூட்டுங்க. தழையைத் தரையில போடாம கட்டித் தொங்க விடுங்க, மிதிச்சதை ஆடு தொடாது.

வேலிமசால்:
மழைக்கு முன்னால துள்ளுமாரித் தடுப்பூசி, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தனி ஊசி. கண் இமையைப் பிரிச்சுப் பாருங்க. வெளுத்திருந்தா குடற்புழு ரத்தத்தை உறிஞ்சுதுன்னு அர்த்தம். சினை பிடிச்ச முதல் மாசம் அல்பெண்டசோல்ங்கிற குடற்புழு மருந்தைக் கொடுக்காதீங்க, குட்டி ஊனமாகலாம்.

குழந்தைக்கு ஒரு வயசு ஆகிற வரைக்கும் ஆட்டுப்பால் குடிக்கக் கொடுக்க வேண்டாம். ஃபோலேட் சத்து அதுல ரொம்பக் குறைவு. பெரியவங்களும் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்கணும். பச்சைப் பால்ல புருசெல்லாங்கிற கிருமி வந்து காய்ச்சல் வரும்.