16 வயசுப் பையனுக்கு பிரஷர் 134/84: கோபம்தான் காரணமா?

சிப்புட்_அம்மா: மகன் படிவம் 4. மூக்குக்கு மேல கோபம். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) பிரஷர் 134/84 காட்டுச்சு. கோபத்தை அடக்கினா இறங்குமா?

செம்பனைக்காடு: அக்கா, ஒரு தடவை எடுத்ததை வைத்து முடிவு கட்டாதீங்க. 13 வயசுக்கு மேல் 120/80க்குக் கீழே இருக்கணும். 130/80 அல்லது அதற்கு மேல், வேறு வேறு நாளில் மூன்று தடவை வந்தால்தான் உயர் ரத்த அழுத்தம் என்பார்கள். மோட்டாரை விட்டு இறங்கின சூட்டோடு கையை நீட்டினால் கூடத்தான் காட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் வாய் பேசாமல் உட்காரட்டும். கை மேசைமேல், நெஞ்சு மட்டத்தில். பருத்த கைக்குப் பிரஷர் மெஷினோட சின்னப் பட்டையைக் கட்டினாலும் பொய்யா ஏறும்.

மாலை_பந்து: ‘அடக்கு’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கோபத்தில் அட்ரினலின் சுரந்து துடிப்பு கூடும், ரத்தக்குழாய் சுருங்கும். விட்டுவிட்டால் தானே இறங்கும். பல்லைக் கடிச்சு அதையே மனசில் அரைச்சா இறங்காது.

மூக்கால் 4 விநாடி இழுக்கணும், 6 விநாடி விடணும். நிமிடத்துக்கு 6 மூச்சு, மொத்தம் 5 நிமிடம். துடிப்பைக் குறைப்பது வெளிமூச்சுதான், அதனால் அதுதான் நீளமா இருக்கணும். வயிறு உப்பணும், தோள் தூக்கக்கூடாது. தலை சுற்றி விரல் மரத்தால் அளவுக்கு மீறி இழுக்கிறான்னு அர்த்தம். மூச்சைச் சின்னதாக்கச் சொல்லுங்க. தினமும் படுக்குமுன் பழகினால்தான் சண்டை நேரத்தில் கைகொடுக்கும். சண்டை நடுவில் “மூச்சு விடுடா”ன்னு நீங்க சொன்னா, அது எரியிற தீயில் எண்ணெய். அவன் வெளியே போகட்டும், பின்னாடியே போகாதீங்க.

செம்பனைக்காடு: தூக்கத்தையும் பாருங்க. இந்த வயசுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேணும். ராத்திரி 2 மணிவரை கேம் ஆடிட்டு விடியக்காலையில் பள்ளி பஸ் ஏறினா யாருக்குத்தான் எரிச்சல் வராது? எனர்ஜி டிரிங்க் 250 மில்லி டின்னில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் காஃபின் இருக்கு. வேப்பில் (மின்-சிகரெட்) நிக்கோட்டின் இருந்தா அதுவும் துடிப்பை ஏத்தும். மேகி மசாலாவில் உப்பு அதிகம், பாதி போதும். தினம் ஒரு மணி நேரம் பந்து ஆடட்டும். ஆனா ஓடும்போது நெஞ்சு வலிச்சாலோ மயங்கினாலோ மூச்சுப் பயிற்சி பேச்சே வேண்டாம், ஆட்டத்தை நிறுத்தி மருத்துவமனைக்குப் போயிடுங்க.

சிப்புட்_அம்மா: வீட்டு மெஷினோட வந்த பட்டை அவனுக்குச் சரியா வருமா?

செம்பனைக்காடு: தையல் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவு எடுங்க. பட்டையிலேயே அளவு அச்சடிச்சிருக்கும், பெரும்பாலும் 22–32 செ.மீ. அதைத் தாண்டினா பெரிய பட்டை தனியா வாங்கணும்.