ஐம்பது பேர் வருகிற ராத்திரி: ‘பெத்தேல் குடும்பம்’ குழுவில் ஒரு வாரம்

புதன், இரவு

ராஜன் மாமா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ் பட்டியல் வந்துவிட்டது. கே.டி.சி. நகர் பக்கம் சனிக்கிழமை ராத்திரி. ஜெசி, உன் வீடு கடைசிக்கு முந்தியது. பன்னிரண்டரை ஆகும் என்று வைத்துக்கொள்.

பென்: மாமா பன்னிரண்டரை என்றால் இரண்டரை என்று அர்த்தம்.

ராஜன் மாமா: ஏலே, போன வருஷம் ஒரு வீட்டில் உட்கார வைத்துத் தோசை ஊற்றிவிட்டார்கள். அத்தனை பேருக்கும் தோசை வெந்து முடிவதற்குள் அடுத்த தெருவில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அது எங்கள் தப்பா?

ஜெசி: மாமா, மொத்தம் எத்தனை பேர் வருவீர்கள்?

ராஜன் மாமா: பாடுகிறவர்கள் முப்பத்தைந்து. கூட ஒட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகள், வேன் தம்பி, கிறிஸ்மஸ் தாத்தா எல்லாம் சேர்த்து ஐம்பதுக்குக் கணக்கு வை.

ஜெசி: ஐம்பதா! வீடு பிரதிஷ்டைக்கு அப்புறம் முதல் கிறிஸ்மஸ். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஹால் படம் போடுகிறேன், எல்லாரும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஜெசி: (படம்) (படம்) (படம்)

பென்: அக்கா, வீடா, ஃபர்னிச்சர் கடையா?

கிரேஸ் மைனி: அழகாக இருக்கிறது ஜெசி. திரைச்சீலை நிறம் ரொம்பப் பொருத்தம்.

ரூபி பெரியம்மா: அழகுதான். ஆனால் அந்தக் கண்ணாடி டீப்பாயைச் சனிக்கிழமை பெட்ரூமுக்குத் தள்ளிவிடு. சோபாவையும் சுவரோடு ஒட்டிப் போடு. வெள்ளை உறை போட்டிருக்கிறாயே, அதில் யார் உட்காருவார்கள்? வருகிற பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மண் காலோடுதான் வருவார்கள். உறையைப் பார்த்ததும் எல்லாரும் நின்றுகொண்டே இருப்பார்கள். ஆல்டோ பாடுகிற அக்காமாருக்கு முழங்கால் வலி வேறு.

ஜெசி: உறையை எடுத்துவிட்டால் கீழே பழைய துணி தெரியும் பெரியம்மா.

ரூபி பெரியம்மா: தெரியட்டுமே. எங்கள் காலத்தில் கேரல் வந்தால் சோபா ஏது? கோரம்பாயை விரித்துப் போடுவோம். மரம் என்றால் சவுக்குக் கொப்பு ஒன்று, மண் நிரப்பிய வாளியில். பனிக்குப் பஞ்சைப் பிய்த்து மேலே வைப்போம். ஆனால் ஆச்சி ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்வார்கள். வாசலில் ஒரு அண்டா தண்ணீர், ஒரு செம்பு, கால் துடைக்கச் சாக்கு.

பென்: சுவரில் பைபிள் வசனம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஹாலில் மட்டும் ஏழு. ஃபிரிட்ஜ் கதவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜெசி: எல்லாம் பிரதிஷ்டைக்கு அன்பளிப்பாக வந்தவை. யாருடையதை எடுப்பது? எடுத்தால் அவர்கள் வரும்போது கேட்பார்கள்.

கிரேஸ் மைனி: அம்மா வீட்டில் புது வருஷ வாக்குத்தத்த வசன அட்டைக்கு ஒரே ஒரு கண்ணாடிச் சட்டம்தான். முதல் தேதி ஆராதனை முடிந்து வந்ததும் புது அட்டையை முன்னால் செருகிவிடுவோம், பழையது பின்னால் போய்விடும். சட்டத்தைப் பிரித்தால் நான் பிறந்த வருஷத்து வசனம்கூடக் கிடைக்கும். அது மாதிரி செய். வாசல் நிலைக்கு எதிரே ஒன்று மட்டும் இருக்கட்டும்.

ரூபி பெரியம்மா: அது ‘நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்’ தானே? அது நான் கொடுத்தது.

பென்: பிரச்சினை தீர்ந்தது.

வியாழன், காலை

ஜெசி: இன்னொரு விஷயம். ஆச்சி பிரதிஷ்டை அன்று கொடுத்த லேஸ் மேஜை விரிப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டலாம் என்று நினைக்கிறேன். கடையில் அளவு கொடுத்துவிட்டேன். மரச்சட்டம், பின்னால் கறுப்பு வெல்வெட். சனிக்கிழமைக்குள் தந்துவிடுவார்கள்.

ரூபி பெரியம்மா: சட்டமா? அது மேஜையில் விரிக்கிறதற்குப் பின்னியது.

ஜெசி: ஆச்சியின் அம்மா கையால் பின்னியது பெரியம்மா. மேஜையில் விரித்தால் யாராவது டீ கொட்டுவார்கள்.

ரூபி பெரியம்மா: கொட்டினால் துவைக்க வேண்டியதுதான்.

பென்: இதில் அப்படி என்ன இருக்கிறது? லேஸ்தானே? ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு வருகிறது.

கிரேஸ் மைனி: பென், வாயைக் கழுவு. அதெல்லாம் மிஷினில் அடித்தது. இது திண்டின் மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. உள்ளங்கை அகலத்துக்கே நாள் கணக்கில் ஆகும். எங்கள் நாகர்கோவிலில் ஆரம்பித்த வேலை. 1819-ல் மிஷனரியாக வந்த சார்ல்ஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட்தான் நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்து விடுதலை வாங்கிய பெண்களும் உண்டு.

பென்: நாகர்கோவில் வேலை இடையன்குடியில் இருந்த ஆச்சி வீட்டுக்கு எப்படி வந்தது?

கிரேஸ் மைனி: மால்ட்டின் மகள் எலைசா 1844-ல் மிஷனரி கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணி இடையன்குடிக்கு வந்தார். கூடவே லேஸும் வந்துவிட்டது. ஆச்சியின் அம்மா அந்த ஊரில்தான் படித்தார்கள்.

ராஜன் மாமா: இடையன்குடிக் கோயில், அதுதான் அந்த சர்ச், கட்ட 33 வருஷம் ஆனது, தெரியுமா? 1847-ல் தொடங்கி 1880-ல்தான் பிரதிஷ்டை.

பென்: அக்கா, இனிமேல் சாம் அத்தான் காண்ட்ராக்டரைத் திட்டக் கூடாது என்று சொல்லிவிடு.

ஜெசி: சரி, இப்போது சட்டம் போடலாமா, வேண்டாமா?

கிரேஸ் மைனி: போடுவதாக இருந்தால் வெயில் படாத சுவரில் மாட்டு. பசை போட்டு ஒட்ட விடாதே, கடைக்காரர்கள் ஒட்டிவிடுவார்கள். பின்னால் துணி வைத்து நான்கு ஓரத்திலும் நூலால் தைத்துத்தான் நிறுத்த வேண்டும். மடித்து பீரோவில் வைப்பதைவிட அது மேல். மடிப்பு விழுந்த இடத்தில்தான் நூல் முதலில் அறும். அதனால் நான் என்னுடையதை அட்டைக் குழாயில் சுற்றி வைத்திருக்கிறேன்.

ரூபி பெரியம்மா: ஆச்சியிடம் கேட்டேன். குரல் பதிவு போடச் சொன்னார்கள்.

ரூபி பெரியம்மா: (குரல் பதிவு, ஆச்சி) “ஜெசி, நல்லா இருக்கியா. அந்த விரிப்பை எங்க அம்மா வாரா வாரம் வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு எடுத்து விரிப்பாங்க. சபை ஐயர், பாஸ்டர், அது மேலதான் பைபிளை வைப்பாரு, காப்பி டம்ளரையும் வைப்பாரு. ஒரு ஓரத்துல வட்டமா கறை இருக்கும் பாரு. அது எந்த ஐயர் வச்சதுன்னு கூட எனக்குத் தெரியும். உனக்கு எப்படிப் பிரியமோ அப்படிச் செய் தாயி. சாப்பிட்டியா?”

ஜெசி: கறையைப் பார்த்தேன். ஆக்சிஜன் பவுடர் போட்டு எடுக்கலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிரேஸ் மைனி: தொடாதே. பழைய நூல், தாங்காது.

ஜெசி: சட்டக் கடையில் ஒரு வாரம் கழித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமைக்கு மேஜையில் விரிக்கிறேன். ஆனால் சாப்பாட்டு மேஜையில் இல்லை, பைபிளும் காணிக்கைத் தட்டும் வைக்கிற சின்ன மேஜையில்.

ரூபி பெரியம்மா: அது போதும்.

வெள்ளி, மதியம்

ஜெசி: சாப்பிட என்ன கொடுப்பது? பிரியாணி சொல்லலாம் என்கிறார் சாம்.

ராஜன் மாமா: வேண்டவே வேண்டாம். அந்த நேரத்தில் பிரியாணி சாப்பிட்டால் அடுத்த வீட்டில் ஒருவர் வாயிலும் ‘குளோரியா’ வராது. ஐஸ்கிரீம், ஜூஸும் வேண்டாம், தொண்டை போய்விடும். சூடாக ஒன்று குடிக்க, ஒரு கை கடிக்க. அவ்வளவுதான். நாங்கள் அசனத்துக்கு வரவில்லை.

ரூபி பெரியம்மா: அசனம் என்றால் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவது. இது நின்று குடித்துவிட்டுப் போவது. சுக்குக் காப்பி போடு. ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராம் சுக்கு, நூறு கிராம் மல்லி, ஒரு ஸ்பூன் மிளகு. மூன்றையும் ஒன்றிரண்டாக இடித்துக்கொள். கருப்பட்டி முக்கால் கிலோ, உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் வாங்கு. அதைத் தனியாகக் கரைத்து வடிகட்டி ஊற்று, அடியில் மண் நிற்கும். கடைசியில் ஒரு பிடி துளசி. சின்னக் கப்பில் கொடுத்தால் ஐம்பது பேருக்கு வரும். பால் சேர்க்காததால் எத்தனை தடவை சுட வைத்தாலும் கெடாது, மாமா எப்போது வந்தாலும் சரி.

ஜெசி: கடிக்க?

ரூபி பெரியம்மா: முந்திரிக்கொத்து நான் செய்து கொடுத்து விடுகிறேன். பாசிப்பயறு வறுத்து வைத்துவிட்டேன். கேக் இரண்டு கிலோ போதும், சின்னத் துண்டாக நறுக்கு. தூத்துக்குடி மக்ரூன் வாங்கினால் டப்பாவை முன்னாலேயே திறந்து வைக்காதே. மழை ஈரத்தில் கால் மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும்.

ஜெசி: பக்கத்து வீட்டு அக்கா முட்டை சேர்க்க மாட்டார்கள். தீபாவளிக்கு அவர்கள் கொடுத்த தட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்க முடியாது.

ரூபி பெரியம்மா: அவர்களுக்கும் முந்திரிக்கொத்துதான். எண்ணெயில் பொரிப்பது, முட்டையும் இல்லை நெய்யும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலமே கொடுத்துவிடு. அப்படியே ராத்திரி டிரம் சத்தம் கேட்கும் என்று சொல்லிவிட்டு வா. சொல்லாமல் அடித்தால்தான் கோபம் வரும்.

பென்: நட்சத்திரம் மாட்டியாச்சா அக்கா? அது இல்லாவிட்டால் மாமா வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார். அந்த ஆசாரம் எங்கே ஆரம்பித்தது என்று தெரியுமா? 1830-களில் ஜெர்மனியில் மொரேவியர் என்கிற கிறிஸ்தவ சபையின் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார் ஜியோமெட்ரி பாடத்துக்குக் காகிதத்தில் செய்ய வைத்தது.

ராஜன் மாமா: நீ கணக்கில் எடுத்த மார்க்குக்கு இதெல்லாம் தேவையா?

ஞாயிறு, பிற்பகல்

ரூபி பெரியம்மா: ஜெசி, ராத்திரி எப்படிப் போனது? கோயிலில் உன்னைப் பார்த்தேன், கண் சிவந்து போயிருந்தது. பேச முடியவில்லை.

ஜெசி: பெரியம்மா, இப்போதுதான் எழுந்தேன். வந்தபோது மணி இரண்டு ஐம்பது.

பென்: நான் சொன்னேன்.

ராஜன் மாமா: மழை. நான் என்ன செய்வேன்?

ஜெசி: நல்ல மழை. வாசலில் நான் போட்ட கோலமும் பூவும் விளக்கும் எல்லாம் அவர்கள் வருவதற்கு முன்பே போய்விட்டன. ஐம்பது பேரும் நனைந்து வந்து நின்றார்கள். வெள்ளை உறையை அப்போதே உருவித் துண்டாகக் கொடுத்துவிட்டேன், வீட்டில் அத்தனை துண்டு இல்லை. சாம் தன் வேட்டிகளை எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் அதைப் போர்த்திக்கொண்டு ஆட்டிடையர் மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள்.

கிரேஸ் மைனி: குடிலுக்குப் பொம்மை வாங்க வேண்டிய செலவு மிச்சம்.

ஜெசி: சுக்குக் காப்பி சொட்டு மீதியில்லை. பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு எழுந்து பிள்ளைகளோடு வந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டிலும் கொஞ்சம் பால் சுட வைத்துத் தந்தார்கள். சின்னப் பையன் கிறிஸ்மஸ் தாத்தா மடியில் உட்கார்ந்து தாடியை இழுத்தான், ராஜன் மாமா முகம் தெரிந்துவிட்டது.

பென்: தாத்தா மாமாதானா! அதுதான் இரண்டு நாளாகத் தொப்பையைப் பற்றிப் பேச்சே இல்லையா?

ஜெசி: இப்போது முக்கியமான விஷயம். கீபோர்டு நனைந்துவிட்டது என்று ஒரு தம்பி ஓடி வந்து, சின்ன மேஜையில் இருந்த துணியை உருவி அதைத் துடைத்துவிட்டான்.

கிரேஸ் மைனி: எந்தத் துணி?

ஜெசி: அந்தத் துணிதான்.

கிரேஸ் மைனி: ஐயோ.

ரூபி பெரியம்மா: பையனைத் திட்டினாயா?

ஜெசி: இல்லை. அவன் துடைத்துவிட்டு நன்றாக மடித்துத் திரும்ப வைத்தான். அதுதான் பயமாக இருந்தது, மடித்திருக்கிறானே என்று. கீபோர்டு ஸ்டாண்டு துரு ஒரு இடத்தில் பட்டிருக்கிறது. நூல் ஒன்றும் அறவில்லை.

கிரேஸ் மைனி: பிழியாதே. குழாய்த் தண்ணீரைப் பேசினில் நிரப்பி அதில் போட்டு வை, வெந்நீர் வேண்டாம். துரு இருக்கிற இடத்தில் மட்டும் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து அலசு. வெயிலில் விடாதே. அப்புறம் வெள்ளைத் துண்டின் மேல் விரித்து, ஓரத்தை இழுத்துத் துருப்பிடிக்காத குண்டூசி குத்தி நிழலில் காய வை. குத்தும்போது பூ வடிவம் நேராக வருகிறதா என்று பார்த்துக்கொள். இஸ்திரி வேண்டாம்.

ஜெசி: (படம்) குத்திவிட்டேன் மைனி. சரியா?

கிரேஸ் மைனி: இடது மூலையை இன்னும் கொஞ்சம் இழு. ஆமாம், அங்கேதான்.

ரூபி பெரியம்மா: ஐயர் கறை என்ன ஆச்சு?

ஜெசி: அது அப்படியே இருக்கிறது பெரியம்மா.

ரூபி பெரியம்மா: ஆச்சியிடம் சொல்கிறேன். சட்டம்?

ஜெசி: சட்டக் கடைக்காரரிடம் உங்கள் வசனத்துக்கு அளவு கொடுத்திருக்கிறேன். அது பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கிறதே. விரிப்பு மேஜைக்குத்தான். வியாழக்கிழமை ஏரியா ஜெபம் என் வீட்டில் வைக்கட்டுமா என்று ஐயரம்மா கேட்டார்கள், சரி என்று சொல்லிவிட்டேன்.

ராஜன் மாமா: ஜெசி, உன் சுக்குக் காப்பி அண்டாவை இன்று சாயங்காலம் வேனில் ஏற்றி விட முடியுமா? இன்றைக்கு மகாராஜ நகர் பக்கம். அங்கே முதல் வீட்டில் சின்னப் பாத்திரம்தான் இருக்கிறதாம்.

ஜெசி: கழுவி வைத்திருக்கிறேன் மாமா. மூடி உங்கள் வேனிலேயே இருக்கிறது, கிறிஸ்மஸ் தாத்தா தொப்பிக்கு அடியில் பாருங்கள்.