பேஸ்பால் டயமண்ட்: ஹோம் பிளேட் எந்த மூலைல வைக்கிறது?

தாராபுரம்_டயமண்ட்:
வணக்கமுங்க. எங்க ஊர்ப் பொது மைதானத்துல பேஸ்பாலுக்கு நிரந்தரமா டயமண்ட் (ஹோம், பர்ஸ்ட், செகண்ட், தேர்ட்னு நாலு பேஸும் மூலையா வர்ற சதுரம்) போடப் போறோமுங்க. கிழமேல் 130 மீட்டர், தென்வடல் 110. ஆட்டமெல்லாம் சாயங்காலம் 4 மணிக்கு மேலதான். ஹோம் பிளேட், அதான் பேட்டர் நின்னு அடிக்கிற மூலை, எங்க வரோணும்? சுத்தியும் செம்மண்ணு, அதுலயே மவுண்ட் (பிட்சர் நின்னு பந்து எறியற மண்மேடு) கட்டுனா நிக்குமா?

மேக்காத்து:
தென்மேற்கு மூலைங்க. ஹோம்ல இருந்து செகண்ட் பேஸுக்குப் போற கோடு கிழக்கு-வடகிழக்கா இருந்தா நல்லதுன்னு விதிப் புத்தகமே சொல்லுது. சாயங்கால வெயில் பேட்டருக்கு முதுகுப்பக்கம் போயிரும். பீல்டருக்குக் கண்ணு கூசும்தான், ஆனா தலைக்கு நேரா பந்து வர்றது பேட்டருக்கு. அவரைத்தான் முதல்ல காப்பாத்தோணும்.

ரெண்டு மதிலுக்கும் 18 மீட்டர் உள்ள தள்ளி வைங்க. ஹோம்ல இருந்து மதில் வரைக்கும் இடது எல்லைக்கோடு 92, வலது 112 மீட்டர் கிடைக்கும். பரிந்துரை 99தான், இருந்தாலும் 92 தாராளமுங்க. வேலி 76 மீட்டருக்கும் கிட்ட இருந்தாத்தான் தாண்டுன பந்துக்கு ஹோம் ரன் (நாலு பேஸும் சுத்தி வர்றது) இல்லாம ரெண்டு பேஸ் மட்டும்.

ஆனி, ஆடில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேக்கால இருந்து அடிக்கும். தூக்கி அடிச்ச பந்து இன்னும் தள்ளிப் போய் விழும். கிழக்க ரோடோ வீடோ இருந்தா வலை கட்டாம ஆட்டத்தை ஆரம்பிக்கவே கூடாதுங்க.

நூல்கயிறு:
அளக்கறதுக்கு இரும்பு டேப்புங்க, துணி டேப் இழுபட்டுப் போகும். ஹோம் பிளேட்டோட பின் முனைல ஆணி அடிச்சு, செகண்டுக்கு 38.80 மீட்டர் அளந்து அங்கயும் ஒரு ஆணி. ரெண்டு ஆணில இருந்தும் 27.43 இழுங்க, சந்திக்கிற இடம் வலப்பக்கம் பர்ஸ்ட், இடப்பக்கம் தேர்ட். அந்த ரெண்டு பேஸும் சதுரத்துக்கு உள்ள அடங்கோணும், செகண்டுக்கு மட்டும் ஆணி நடுவுல. இதைத்தான் நிறையப் பேரு மாத்திப் போடறாங்க. பிட்சர் ரப்பரோட (பிட்சர் கால் வைக்கிற பலகை) முன் விளிம்பு ஹோம் ஆணில இருந்து 18.44 மீட்டர்.

மண்வெட்டி:
வெறும் செம்மண்ணு நிக்காதுங்க. சரளை கலந்திருக்கும், பிட்சர் கால் ஊணற இடம் ரெண்டே இன்னிங்ஸ்ல குழியாயிரும். கரிசலும் வேண்டாம், காஞ்சா வெடிக்கும். ரப்பரைச் சுத்தியும் முன்கால் விழற இடத்துலயும் சலிச்ச ஏரிக் களிமண்ணு போடுங்க, மத்த இடத்துக்குச் செம்மண்ணு போதும். 2.5 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்கு, தண்ணி தெளிச்சு திமிசுல இடிச்சு, மேல்மண்ணைக் கீறிவிட்டு அடுத்த அடுக்கு. கீறாம விட்டா ரெண்டு அடுக்கும் ஒட்டாம ஏடு ஏடாப் பேந்துக்கும்.

உயரம் ஹோம் பிளேட்டுக்கு மேல 25 செ.மீ., வட்டத்தோட விட்டம் 5.5 மீட்டர். சரிவு ரப்பருக்கு 15 செ.மீ. முன்னால ஆரம்பிச்சு, 30 செ.மீ.க்கு 2.5 செ.மீ. இறங்கோணும். ஆட்டம் முடிஞ்சதும் குழியைக் கூட்டி, நனைச்சு, களிமண்ணு வெச்சு இடிச்சு, தார்ப்பாய் போத்துங்க.

தாராபுரம்_டயமண்ட்:
ரொம்ப நன்றிங்க. ஞாயித்துக்கிழமை கிரிக்கெட்டும் நடக்குமுங்க, மவுண்ட் இடைஞ்சலாகுமா?

மேக்காத்து:
ஆகுமுங்க, ஓடறவங்க தடுக்கி விழுவாங்க. அப்படின்னா மரத்துல செஞ்ச, தூக்கி வைக்கிற மவுண்ட் பாருங்க. பொண்ணுங்க சாப்ட்பால் மட்டும்னா மவுண்டே தேவையில்ல: பேஸுக்குப் பேஸ் 18.29, பிட்சிங் தூரம் 13.11 மீட்டர்.