மறு: மறு: பப்படம் செத்துப்போச்சா, கண்ணில் படலையா? ஒரு சொல் வேண்டும்

தக்கலை டீச்சர், வெள்ளி இரவு

குழுவினருக்கு வணக்கம். திங்கள் காலை ஒரு பயிற்சிக் கையேடு அச்சுக்குப் போகிறது. வைஃபை அக்சஸ் பாயின்ட்களைக் கிளவுட் தளம் (இணையம் வழியே எட்டும் தூரத்து சர்வர்) வழியாகக் கண்காணிப்பது எப்படி என்பது பாடம். படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேபிள், இன்டர்நெட் வேலைக்குப் போகும் பையன்கள். உத்தரத்தில் ஒட்டியிருக்கும் அந்த வட்ட வெள்ளைப் பெட்டிக்கு அவர்களே ‘பப்படம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆகவே அதற்கு நான் சொல் கேட்கவில்லை. பாடநூல்காரர்களின் ‘அணுகுமுனை’யை ஒருமுறை எழுதிவிட்டு அப்புறம் ஏ.பி. என்றே போகப்போகிறேன்.

எனக்கு வேண்டியது திரையில் சிவப்பாக வரும் ‘ஆஃப்லைன்’ என்பதற்கு ஒரு சொல். போன பதிப்பில் ‘செயலிழந்தது’ என்று போட்டிருந்தேன். அது என்ன செய்தது தெரியுமா? என் மாணவன் ஒருவன் கன்னியாகுமரியில் ஒரு விடுதிக்கு வேலைக்குப் போனான். சீசன் நேரம், அறைகள் எல்லாம் நிறைந்திருந்தன. திரையில் ஆறு பெட்டிகளும் சிவப்பு. ‘செயலிழந்தது’ என்று படித்தவன் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொன்றாக ரீசெட் பொத்தானைக் குத்திவிட்டான். அதுவரை விருந்தினர்கள் எல்லோருக்கும் வைஃபை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முந்தின நாள் யாரோ ஃபயர்வாலில் (வலையில் எது போகலாம், வரலாம் என்று பார்க்கும் காவல்) ஒரு விதியைப் போட்டு, பெட்டிகள் கிளவுடுக்குப் போகும் வழியை மட்டும் அடைத்திருக்கிறார்கள். பெட்டிகள் முன்பு கற்றுக்கொண்ட அமைப்பை நினைவில் வைத்து ஓடிக்கொண்டிருந்தன. ரீசெட்டில் அந்த நினைவு போயிற்று. திரும்ப வாங்கிக்கொள்ளலாமென்றால் கிளவுடுக்கு வழியில்லை. அப்போதுதான் உண்மையிலேயே செயலிழந்தன.

பையனைத் திட்டினார்கள். தப்பு என் சொல்லில்.

பூதப்பாண்டி, வெள்ளி இரவு

அன்புள்ள டீச்சர், முதலில் ‘கிளவுட்’டைத் தீர்ப்போம். ‘மேகம்’ வடசொல். ‘முகில்’ இருக்கிறது என்று உடனே சொல்வார்கள். நான் அதிலும் நிற்க மாட்டேன். மஞ்சு, மங்குல், எழிலி, கொண்மூ என்று நம்மிடம் எத்தனை! இவற்றில் ‘கொண்மூ’வைக் கவனியுங்கள். நீரைக் கொண்டது கொண்மூ. தரவைக் கொண்டதும் கொண்மூ. கொள்ளுதல் என்ற வேரில் கொள்கலன், கொள்முதல், கொள்ளளவு எல்லாம் வந்து சேர்ந்துகொள்ளும். ‘கொண்மூக் கண்காணிப்பு’ என்று சொல்லிப் பாருங்கள், வாய் நிறைகிறது.

கோட்டாறு, வெள்ளி இரவு

அண்ணாச்சி, வாய் நிறையும், பில் நிறையாது. ‘கொண்மூ மேலாண்மைத் தளம், ஆண்டுச் சந்தா’ என்று கொட்டேஷன் கொடுத்தால் கடைக்காரர் என்னைப் பார்த்து, தம்பிக்கு உடம்பு சரியில்லையா என்பார். தொல்காப்பியர் ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று, வடசொல் வட எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தில் வரலாம் என வழிவிட்டாரே, அதே வழியில் ஆங்கிலச் சொல்லும் நம் எழுத்தில் வரட்டும். அவர் கிளவி என்றார், நான் கிளவுட் என்கிறேன்.

பூதப்பாண்டி, வெள்ளி நள்ளிரவு

> அவர் கிளவி என்றார், நான் கிளவுட் என்கிறேன்

இதைச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. தொல்காப்பியம் அரங்கேறியபோது அரில்தப, அதாவது குற்றமறக் கேட்ட அதங்கோட்டாசான் நம் விளவங்கோட்டு மண்ணின் அதங்கோட்டைச் சேர்ந்தவர் என்று நாம்தான் மார்தட்டிக்கொள்கிறோம். அந்த மண்ணிலிருந்தா இந்தச் சிலேடை?

கிடக்கட்டும். டீச்சர் கேட்டதற்கு வருகிறேன். ‘கண்காணிப்பு’ என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. கண்காணி சோழர் கல்வெட்டுகளிலேயே உள்ள சொல். திருமூலர் ‘கண்காணி இல்லா இடமில்லை’ என்றார். கண்காணி கண்டால் ‘காண்நிலை’, காணாவிட்டால் ‘காணாநிலை’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘காணாமல் போனது’ என்று யாரும் குழம்ப வேண்டாம்.

மதுரை மொழிபெயர்ப்பாளர், சனி காலை

ஐயா, குழம்பத்தான் செய்வார்கள். ‘காணாநிலை’ என்று சிவப்பில் போட்டால் பெட்டியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். தவிர, ‘கண்காணி’ என்றதும் என் பாட்டனாருக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டக் கங்காணிதான் நினைவுக்கு வருவான். அது அவ்வளவு நல்ல நினைவு இல்லை.

‘ஒற்றாடல்’ என்று சொல்லிவிடலாமே? எந்தக் கைப்பேசி எந்தப் பெட்டியில் எத்தனை மணிக்கு ஒட்டிக்கொண்டது என்பதையெல்லாம் இந்தத் தளம் காட்டுகிறது. 2020-இல் ஐஃபோன்கள் வலைக்கு வலை வேறு முகவரி காட்டத் தொடங்கியது இந்த வேவுக்குப் பயந்துதான். வேவை வேவு என்று சொல்லத் தமிழுக்கு என்ன கூச்சம்? அதோடு குறளிலேயே டீச்சரின் சிக்கலுக்கு மருந்து இருக்கிறது: ‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்.’ கிளவுட் சிவப்பு காட்டினால் அதை மட்டும் நம்பாதே. பெட்டிகளின் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சைக் கேள், அந்தப் பெட்டிக்கான போர்ட்டில் மின்சாரம் போகிறதா என்று பார். அந்தப் பையனுக்கு இந்த 588-ஆம் குறள் தெரிந்திருந்தால் ஏணியைத் தொட்டிருக்க மாட்டான்.

கோட்டாறு, சனி காலை

குறளை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘ஒற்று’ என்றால் என் பையன்களுக்கு க், ச், த், ப்தான். ‘ஒற்று மிகும் இடம்’ என்று விடுதிக்காரரிடம் சொல்ல முடியுமா?

குளச்சல் (இப்போது மஸ்கட்), சனி மதியம்

டீச்சர், எங்கள் கடப்புறத்தில் ஒரு பேச்சு உண்டு. வள்ளம் வெளியே போய்க் கரையிலிருந்து பார்த்தால் தெரியாமல் ஆகும்போது ‘கரை மறைஞ்சு போச்சு’ என்பார்கள். முங்கிப்போச்சு என்று அதற்கு அர்த்தம் கிடையாது. வள்ளம் அங்கே வலை வீசிக்கொண்டுதான் இருக்கும், மீனும் படும். நம் கண்ணுக்குத்தான் எட்டவில்லை. உங்கள் பப்படமும் அப்படித்தானே? அங்கே கைப்பேசிகள் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, கிளவுட் என்ற கரைக்குத்தான் தெரியவில்லை. ‘கரைமறைவு’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தக்கலை டீச்சர், சனி மதியம்

இது எனக்குப் பிடித்துவிட்டது.

பூதப்பாண்டி, சனி மாலை

எனக்கும்தான். ஆனால் தொகையை விரித்துப் பார்க்க வேண்டும். கரைக்கு மறைந்தது என்றால் நான்காம் வேற்றுமைத் தொகை. கரையே மறைந்தது என்றால் எழுவாய்த் தொடர்; அப்போது வள்ளத்தில் இருப்பவன் சொல்லும் சொல் அது, கரையில் இருப்பவன் சொல் அல்ல. யார் யாருக்கு மறைந்தார்?

குளச்சல் (மஸ்கட்), சனி மாலை

அய்யா, இரண்டும்தான். வள்ளத்துக்குக் கரை தெரியாது, கரைக்கு வள்ளம் தெரியாது. ஏ.பி.யும் கிளவுடும் அப்படியே. இலக்கணம் ஏதாவது ஒரு பக்கம் நின்றுதான் ஆக வேண்டுமா?

மதுரை மொழிபெயர்ப்பாளர், சனி இரவு

அழகான சொல், வருத்தத்தோடு எதிர்க்கிறேன். ‘மறைவு’ என்று தனியாகப் படித்தால் என்ன? எங்கள் தெருமுனைச் சுவர் முழுக்க ‘அன்னாரது மறைவுக்கு’ என்றுதான் போஸ்டர். பெட்டி சாகவில்லை என்று சொல்லத் தேடிய சொல்லுக்குள்ளேயே சாவு உட்கார்ந்திருக்கிறது.

குளச்சல் (மஸ்கட்), சனி இரவு

மழைமறைவுப் பிரதேசம் என்று பள்ளியில் படித்தோமே. அங்கே மழையா செத்தது?

மதுரை மொழிபெயர்ப்பாளர், சனி இரவு

அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் ஆமாம் என்பார்கள்.

(இதற்குப் பிறகு வந்த ஒன்பது மடல்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைப் பற்றியும், ‘மடை’யிலிருந்து ‘மடையன்’ வந்ததா, சமையலிலிருந்து வந்ததா என்பது பற்றியும். தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். தயவுசெய்து அங்கே தொடரவும். மட்டுறுத்துநர்)

கோட்டாறு, ஞாயிறு காலை

மடையனை நான்தான் கிளப்பினேன், மன்னிக்கவும். நீர் மடை வழியாகப் பாய்கிற மாதிரி இணையம் பாய்கிறதே, ஏ.பி.யை ‘அலைமடை’ என்றால் என்ன என்று ஆரம்பித்தேன். அதைப் பராமரிக்கிற எனக்கு என்ன பெயர் வரும் என்று பிறகுதான் உறைத்தது.

டீச்சர், ஒரு சின்ன விஷயம். வாடிக்கையாளர் சிவப்பைப் பார்த்துவிட்டுப் பதறி ஃபோன் பண்ணினால் நான் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். தினமும் சொல்கிற வாக்கியம் ஒன்றுதான்: ‘சாரே, இங்க தெரியல, அங்க லைட் எரியுதா பாருங்க.’

தக்கலை டீச்சர், ஞாயிறு காலை

நில்லுங்கள். ‘தெரியவில்லை.’

கண்ணுக்குப் படவில்லை என்றும் பொருள், எனக்குத் தகவல் இல்லை என்றும் பொருள். இரண்டுமே இங்கே உண்மை. அது செத்ததா பிழைத்ததா என்று இந்தச் சொல் தீர்ப்புச் சொல்லவில்லை. ‘தெரியவில்லை’ என்று படிக்கிறவன் ஏணியைத் தேட மாட்டான், ‘அங்கே போய்ப் பார்ப்போம்’ என்றுதான் கிளம்புவான். மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த சொல் ஃபோனில் சும்மா கிடந்திருக்கிறது.

பூதப்பாண்டி, ஞாயிறு மதியம்

வினைமுற்றைக் கலைச்சொல்லாக வைப்பதா? அட்டவணைத் தலைப்பில் எப்படி எழுதுவீர்கள்? ‘தெரியவில்லைகளின் எண்ணிக்கை’ என்றா?

தக்கலை டீச்சர், ஞாயிறு மதியம்

‘தெரியாதவை: 6’ என்று எழுதுவேன் அய்யா.

கோட்டாறு, ஞாயிறு மாலை

சொன்னவன் நானே என்றாலும் ஒரு பயம். மாசாமாசம் காசு வாங்குகிற மென்பொருள் ‘தெரியவில்லை’ என்று கைவிரித்தால் வாடிக்கையாளர் என்னைத்தான் பிடிப்பார். ஃபோனில் சொல்வது வேறு, திரையில் எழுதுவது வேறு. ‘தொடர்பில்லை’ பாதுகாப்பானது.

மதுரை மொழிபெயர்ப்பாளர், ஞாயிறு மாலை

‘தொடர்பில்லை’ என்றால் யாரோடு? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் விடுதியில் ஏணி வந்தது. நான் ‘தெரியவில்லை’ பக்கம்.

மட்டுறுத்துநர், ஞாயிறு இரவு

கருத்துச் சொன்னவர்களில் ‘தெரியவில்லை’க்கு நான்கு பேர், ‘தொடர்பில்லை’க்கு மூன்று, ‘காணாநிலை’க்கு ஒருவர் (அவரே), ‘கரைமறைவு’க்கு ஒருவர். டீச்சர் காலையில் அச்சுக்குப் போக வேண்டும் என்பதால் இழையை இத்தோடு நிறுத்தலாம்.

தக்கலை டீச்சர், திங்கள் காலை

அனுப்பிவிட்டேன். ‘தெரியவில்லை’ என்று போட்டு, அடுத்த வரியிலேயே ‘ஸ்விட்சைப் பார், பெட்டியின் விளக்கைப் பார், ரீசெட்டைத் தொடாதே’ என்று சேர்த்தேன். அந்த வரி இருந்தால் சொல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று அச்சகத் தம்பி சொன்னான். வாதாட நேரமில்லை.

குளச்சல் (மஸ்கட்), திங்கள் மதியம்

நல்லது டீச்சர். நான் இங்கே என் திரையில் ‘கரைமறைவு’ என்றே மாற்றிவிட்டேன். என் கூட வேலை பார்க்கிற மலையாளி அர்த்தம் கேட்கவேயில்லை, அவனுக்குப் புரிந்துவிட்டது.

பூதப்பாண்டி, திங்கள் மாலை

மலையாளிக்குப் புரிந்தால் அது தமிழாகிவிடுமா என்பது தனிக் கேள்வி. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். ‘கொண்மூ’வுக்கு இன்னும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன்.