புதுப்பிப்பு: ஏலத்தட்டையில் இருந்த கரும்பழுப்பு அசுவினி எந்த இனம் என்று தெரிந்துவிட்டது

இடுக்கி மாவட்டம் வண்டன்மேடு பக்கம் எங்கள் ஏலத்தோட்டத்தில், தட்டையின் (ஏலச்செடித் தண்டின்) அடியில் காய்ந்த இலையுறைக்குள் அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) அப்பியிருக்கிறது, இது வாழை அசுவினியா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இது வாழை அசுவினி இல்லை, அதன் நெருங்கிய உறவு: பென்டலோனியா கலாடியி.

சிறகுள்ள பூச்சியைப் பிடித்து லென்ஸில் பாருங்கள் என்று ஒரு அண்ணன் எழுதியதுதான் கைகொடுத்தது. உடல் 2 மில்லிமீட்டர்கூட இல்லை, உணர்கொம்பு கிட்டத்தட்ட உடல் நீளம். முன்சிறகின் நரம்புகளுக்கு வேட்டிக்கரை போலக் கருப்பு ஓரம். இரண்டு நரம்புகள் சேர்ந்து நடுவே ஒரு மூடிய அறை. பார்க்கவே அவ்வளவு அழகு! பேரினம் பென்டலோனியா என்பது அதிலேயே உறுதி.

இனத்தைப் பிரிக்க லென்ஸ் போதாது. ஆல்கஹாலில் போட்டு மைலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தில் கொடுத்தோம், அங்கே சொன்னார்கள். 1917இல் பெயரிடப்பட்ட இனம் இது. பிறகு வெகுகாலம் வாழை அசுவினியோடு சேர்த்தே எண்ணினார்கள். 2010இல்தான் மரபணுவையும் உடல் அளவுகளையும் வைத்துத் தனி இனமாக மீட்டார்கள்.

எதிர்பாராதது: ஓடையோரச் சேம்பிலும் இதே பூச்சி. ஏலத்தில் கட்டே என்ற வைரஸ் நோயைப் பரப்புவது இதுதான் என்பதால் சேம்பை முதலில் அகற்றினோம். அப்புறம் அந்த நோயின் அறிகுறியாகக் குருத்திலையில் வெளிர்பச்சைக் கோடு விழுந்த தூர்களை வேரோடு பிடுங்கினோம். விதை வழியாக இந்த நோய் பரவாது, அதனால் நாற்றுக்கு விதை எடுக்கப் பயப்பட வேண்டாம். நாற்றங்காலை மட்டும் நோயுள்ள தூர்களுக்குத் தள்ளிப் போடுங்கள்.