எர்டிகா காருக்கு மேலே கேரியர்: பெட்டியா, பையா?

அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

மே லீவுக்குக் கோவையிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறை போகிறோம். அப்பா அம்மாவோடு ஏழு பேர். கடைசி சீட்டிலும் ஆள் உட்கார்ந்தால் டிக்கியில் மிஞ்சுவது 209 லிட்டர்தான். அம்மாவின் முறுக்கு டின்னுக்கும் பசங்களின் பைகளுக்குமே அது சரியாகிவிடும்.

போன வருடம் ஏற்காட்டுக்கு இரவல் இரும்பு கேரியரில் தார்ப்பாய் போட்டுக் கட்டிப் போனோம். பாதி மலை ஏறுவதற்குள் நைலான் கயிறு தளர்ந்து தார்ப்பாய் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. அப்புறம் மழை. அப்பாவின் நான்கு வேட்டியும் பிழிகிற பதத்தில் வந்து சேர்ந்தன. ஒரு நாள் முழுக்க அவர் என் டிராக் பேண்ட்டில்தான் நடமாடினார். இன்னும் குத்திக் காட்டுகிறார்.

பூட்டு வைத்த பிளாஸ்டிக் பெட்டி நனையாது, சரி. ஆனால் என் வண்டியில் ரூஃப் ரெயில் (கூரையின் இரு ஓரத்திலும் நீளவாக்கில் வரும் கம்பி) இல்லை. கதவு விளிம்பில் கிளாம்ப் போட்டுக் குறுக்குக் கம்பி மாட்டினால் பெயிண்ட் உரியுமா? கம்பி, பெட்டி எடையும் கூரை தாங்கும் அளவில்தானே சேரும்? 40 கொண்டை ஊசி வளைவு என்பதால் மேலே துணிமணி, போர்வை மட்டும்தான் வைப்பேன்.

மடிக்கிற பை விலை குறைவு. அதன் பட்டையைக் கதவுக்குள் விட்டுக் கட்டினால், மழைத் தண்ணீர் பட்டை வழியே உள்ளே இறங்குமாமே? ஆழியாறு குரங்குகள் ஜிப்பைத் திறந்துவிடுமோ என்றும் பயம்.

செக்போஸ்ட்டில் கேரியருக்காக யாரையாவது நிறுத்தியிருக்கிறார்களா? கோவையில் பெட்டி வாடகைக்குக் கிடைத்தால் அதையும் சொல்லுங்கள். மூன்று நாளுக்காக வாங்க மனசு வரவில்லை.